ஆறு வீட்டுப் பூனையின் சர்க்கரை

“எழுதி ஒட்டிட்டியேத்தா, பூனை வந்து வாசிச்சுக்கிருமா?”

முன்வீட்டு அத்தை இதைக் கேட்டபோது அவர் இடுப்பில் குடம் இருந்தது. நான் குழாயடிச் சுவரில் ஒட்டிய தாளின் நாலாவது மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். பசை இன்னும் காயவில்லை. தண்ணீருக்கு நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வாரம் எனக்கு எதுவுமே வரவில்லை.

“பூனைக்கு இல்லத்தை. மனுசங்களுக்கு.”

“அது சரி” என்று குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அவனியாபுரத்தில் எங்கள் வளவில் ஆறு வீடுகள். எதிரும் புதிருமாக மூன்று மூன்று. நடுவில் நீளமாக ஒரு முற்றம், அதன் கோடியில் எல்லோருக்கும் பொதுவான குழாய். விமானம் தாழ்ந்து இறங்கும்போது ஆறு வீட்டிலும் பேச்சு நிற்கும், போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கைநாட்டுதான். அப்பாவுக்கு வெல்டிங் பட்டறையில் அளவு குறிக்கிற எண்கள் தெரியும், அவ்வளவுதான். ஆறாம் வகுப்பில் இருந்தே வளவில் யார் மாத்திரை வாங்கி வந்தாலும் அட்டையை என்னிடம் நீட்டுவார்கள். எது காலையில், எது சாப்பிட்ட பிறகு என்று நான் சொல்வேன். ரேஷன் அட்டையில் பிழை, வங்கியிலிருந்து கடிதம், பள்ளியில் சேர்க்கும் படிவம், எல்லாம் என் கைக்கு வந்துதான் போகும். இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். இதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கப் போவதில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் எல்லோரும் என்னிடம் கேட்டுக் கேட்டு, யாரிடமும் எதையும் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லாமல் போயிருந்தது.

பூனை ஒரு செவலைக் கடுவன். வேலைக்கான தேர்வுக்கு நான் படித்துக்கொண்டிருந்த வருடத்தில் குட்டியாக வளவுக்குள் வந்தது. நான் விரித்து வைத்த புத்தகத்தின் மேல்தான் படுக்கும். தேர்வில் தேறியதும் முதல் வேலையாக அதைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்தேன், தடுப்பூசி போட்டேன். ஊசிப் புத்தகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் இருப்பது என் பெயர். அதனால் அது என் பூனை என்று நினைத்திருந்தேன்.

பொங்கல் முடிந்த வாரத்தில் அது குழாயடியை விட்டு நகராமல் கிடந்தது. சொட்டுகிற தண்ணீரை நாள் முழுக்க நக்கியது. நன்றாகத் தின்றும் முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. நடக்கும்போது பின்னங்கால்களில் குதிகால் வரை தரையில் பதிந்தது, முயல் நடக்கிற மாதிரி. முற்றத்து ஓரத்தில் கொட்டிக் கிடந்த மணலில்தான் அது ஒதுங்கும். முன்வீட்டு அத்தை ஒருநாள் அந்த மணலைக் காட்டினார்.

“இங்க பாரு, எம்புட்டு எறும்புன்னு. இதுக்குச் சக்கரையா இருக்கும்.”

“பூனைக்கு எங்கிட்டாச்சும் சக்கரை வருமாத்தை?” என்று சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் என் சிரிப்பை நம்பிச் சிரித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை கால்நடை மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “சர்க்கரைதாங்க” என்றார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். இன்சுலின் என்றார். காலை ஒன்று, மாலை ஒன்று, பன்னிரண்டு மணி நேர இடைவெளி, தினமும். சோறு, பால் எதுவும் ஆகாது. வேகவைத்த கோழியும் மீனும் மட்டும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். கையெழுத்து கொஞ்சமும் கோணவில்லை. மேசையில் அது தன் வாலைத் தானே சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் காதில் ஓர் எறும்பு ஊர்ந்தது, அதையும் எடுத்துவிட்டேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலாக ஊசியை வைக்க பிரிட்ஜ் கதவில் எந்த இடத்தைக் காலி செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்.

“என்னத்தா சொன்னாங்க?”

“சக்கரை.”

“அவ சொன்னாள்ல, எறும்ப வச்சு.”

நான் இன்சுலின் பெட்டியை பிரிட்ஜ் கதவில் வைத்தேன். முன்வீட்டு அத்தையிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகத் திங்கட்கிழமை அலுவலகத்தில் மதிய இடைவேளையில் ஒரு தாளைத் தட்டச்சு செய்தேன்.

‘அறிவிப்பு. இந்த வளவில் வசிக்கும் செவலைப் பூனைக்குச் சர்க்கரை நோய் உறுதி செய்யப்பட்டுள்ளதால், பால், சோறு, ரொட்டி உள்ளிட்ட எந்த உணவையும் எவரும் அதற்கு வழங்கக் கூடாது எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. மீறும்பட்சத்தில் பூனையின் உயிருக்கு ஆபத்து ஏற்படும்.’

இதைத்தான் ஒட்டினேன். அம்மா வந்து அதன் முன்னால் நின்று, எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். “முத்து முத்தா இருக்கு” என்றாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆறு வீட்டிலும் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். மற்ற இருவர் விடிவதற்குள் மில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறவர்கள். இருபத்தாறு வருடம் அந்த மனிதர்களோடு தண்ணீர் பிடித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஒட்டும்போது நினைவுக்கு வரவில்லை.

காலை ஏழு, மாலை ஏழு. கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, ஊசியைச் சாய்வாக ஏற்ற வேண்டும். முதல் நாளே சரியாகப் போட்டேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பூனை கோழியைத் தின்பதிலேயே கவனமாக இருந்தது. பாதி தின்றுவிட்டு, மீதியை முகர்ந்து பார்த்துவிட்டு, வாயை நக்கிக்கொண்டு வெளியே போய்விட்டது. அன்றிலிருந்து எல்லா நாளும் பாதிதான். நோயாளிக்குப் பசி இருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சர்க்கரை இறங்கவில்லை. மருத்துவரிடம் போனபோது கேட்டார்.

“வேற யாராவது ஏதாவது குடுக்கறாங்களா?”

“இல்லை டாக்டர். எழுதியே ஒட்டியிருக்கேன்.”

ஊசி அளவு ஒரு யூனிட்டில் இருந்து இரண்டானது. பதினைந்து நாள் கழித்தும் அதே நிலைமை. அதே கேள்வியைக் கேட்டார், அதே பதிலைச் சொன்னேன். இரண்டு மூன்றானது. நான் தாளில் மூன்று என்று எழுதி அடிக்கோடிட்டேன். அந்த நாட்களைப் பற்றி இப்போது யோசித்தால் என்ன சாப்பிட்டேன், யாரோடு பேசினேன் என்று எதுவும் நினைவில்லை. ஏழு மணி மட்டும் நினைவிருக்கிறது, இரண்டு ஏழு மணிகள்.

மாசி வந்தது. சிவராத்திரிக்கு எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டில் இருப்பதில்லை. அவரவர் குலசாமியைத் தேடி அவரவர் திசைக்குப் போவார்கள். எந்த ஊரில் வேலை பார்த்தாலும், அந்த ஒரு நாளைக்குச் சாமி இருக்கிற காட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வளவில் ஆறு வீட்டுக்கும் ஆறு திசை. எங்களுக்கு வாடிப்பட்டியைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரை. பிறந்ததில் இருந்து நான் தவறியதில்லை.

“நான் வரலைம்மா” என்றேன். “ரெண்டு நாளைக்கு நாலு ஊசி இருக்கு.”

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. “வருசத்துக்கு ஒரு நாளு. பரீட்சை வச்சிருந்தப்பக்கூட புஸ்தகத்தத் தூக்கிக்கிட்டு வந்த.”

“அப்ப ஊசி இல்ல.”

“சாமி கேட்டா என்னன்னு சொல்லட்டும்? பூனைக்குக் காவலா இருக்கான்னா?”

“சொல்லு.”

“இம்புட்டுத் திமிரு ஆகாதுடி” என்றாள். பிறகு முறத்தை ஒரு தட்டுத் தட்டி, “ஊசிய ஒழுங்காப் போடு” என்றாள்.

மறுநாள் மதியத்துக்குள் ஆறு வீட்டில் ஐந்தில் பூட்டு தொங்கியது. எங்கள் வீட்டில் நான் மட்டும். வளவு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. விமானம் வந்தபோது நிறுத்த வேண்டிய பேச்சு என்று எதுவும் இல்லை. பூனை ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய் உட்கார்ந்தது. பூட்டிய கதவைப் பார்த்துக் கொஞ்ச நேரம், பிறகு அடுத்த வாசல். மாலையில் ஒரு சுற்று, மறுநாள் விடிந்ததும் ஒரு சுற்று. ஆட்களைத் தேடுகிறது என்று நினைத்தேன். ஏழு மணிக்குக் கோழியை வைத்தேன். வழக்கம்போலப் பாதி. மூன்று யூனிட் போட்டேன்.

பன்னிரண்டு மணி இருக்கும். துணி காயப்போட வெளியே வந்தேன். அது முன்வீட்டுப் படியில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு படிதான். இரண்டாவது படியில் சரிந்து விழுந்தது. எழுந்து, குடித்த மனிதனைப் போல நாலடி பக்கவாட்டில் நடந்து, மறுபடி விழுந்தது. கால்கள் நீந்துவதுபோல் அசைந்தன. கண் திறந்திருந்தது, ஆனால் அது என்னைப் பார்க்கவில்லை.

நான் ஓடவில்லை. நடந்துதான் போனேன் என்று நினைவு. காதில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, சர்க்கரை பார்க்கிற மெஷினில் வைத்தேன். எண் வரவில்லை. மிகவும் குறைவு என்பதற்கான இரண்டு எழுத்துகள் வந்தன. மருத்துவர் சொல்ல நான் எழுதிய தாளில் கடைசிக்கு முந்தைய வரியில் இது இருந்தது. சர்க்கரையைத் தண்ணீரில் கரை. விரலால் ஈறில் தடவு. வாயில் ஊற்றாதே. செய்தேன். ஒரு விரல், மறுபடி ஒரு விரல். ஒரு மாதத்துக்கு மேலாக இந்தப் பூனைக்கும் சர்க்கரைக்கும் நடுவில் நின்றவள் இப்போது என் கையாலேயே ஊட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. தோன்றியதே தவிர, அதனால் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தால், எப்போதும் நிற்கிற ஷேர் ஆட்டோக்களில் ஒன்றைக்கூடக் காணோம். பட்டறைகள் மூடியிருந்தன. பைபாஸ் வரை நடந்த பிறகுதான் ஓர் ஆட்டோ கிடைத்தது.

“பிள்ளைக்கு என்னம்மா?” என்று ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“பூனைண்ணே.”

இப்போது திரும்பிப் பார்த்தார். துண்டுக்குள் இருந்து ஒரு செவலைக் காது. “நானும் குலசாமிக்குப் போகாம வண்டி ஓட்டுறேன். நீயும் போகலையா?” என்றார். “சரி, கெட்டியாப் பிடிச்சுக்க” என்று விரட்டினார்.

மருத்துவர் முன்னங்காலில் மயிரைச் சிரைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார். அரை மணி நேரத்தில் தலையைத் தூக்கியது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“நேத்துல இருந்து என்ன மாறுச்சு?”

“ஒண்ணும் மாறலை டாக்டர். அதே கோழி, அதே அளவு, அதே நேரம். வளவுல ஆள் இல்ல, அவ்வளவுதான்.”

“ஆள் இல்லையா?”

“எல்லாரும் சாமி கும்பிடப் போயிட்டாங்க.”

அவர் தன் பதிவேட்டை என் பக்கம் திருப்பி, தேதிகளையும் அளவுகளையும் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

“இந்த மூணு யூனிட் நீங்க குடுக்கற சாப்பாட்டுக்கு உண்டான அளவு இல்லீங்க. இது ஏழெட்டு வேளை தின்னுற பூனைக்கு உண்டானது. அந்தச் சாப்பாடு நேத்து நின்னு போச்சு. ஊசி நிக்கலை.”

எனக்கு அந்தப் பூட்டிய கதவுகள் நினைவுக்கு வந்தன. அது ஆட்களைத் தேடவில்லை.

இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, பூனையை ஓர் அறையில் அடைத்து, நான் கொடுப்பதை மட்டும் தின்ன வைப்பது. அல்லது, யார் என்ன கொடுக்கிறார்கள் என்று உண்மையாகத் தெரிந்துகொண்டு, எல்லோரையும் சேர்த்து மாற்றுவது. எதுவானாலும் ஒரு யூனிட்டில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும். “இன்னொரு தடவை இப்படி ஆனா எழும்பாது” என்றார். எங்கள் வீடு ஒரே அறை. அதன் கதவு காலையில் திறந்தால் படுக்கும்போதுதான் மூடும். மாலையில் அதைத் தூக்கிக்கொண்டு ஆளில்லாத வளவுக்குத் திரும்பினேன். பூட்டுகளைத் தாண்டி நடக்கும்போது கைக்குள் இருந்த உடம்பு எடையே இல்லாமல் இருந்தது.

மறுநாள் காலையில் ஒவ்வொரு குடும்பமாக வந்து இறங்கினார்கள். நெற்றியில் திருநீறு, கையில் தூக்குவாளி, கண்ணில் தூக்கம். அம்மா வந்ததும் பூனையின் சிரைத்த காலைப் பார்த்தாள். “என்ன ஆச்சு?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் முன்வீட்டில் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. பூனை என் மடியில் இருந்து இறங்கி, தள்ளாடித் தள்ளாடி, நேராக அங்கே போனது. நான் பின்னால் போனேன்.

அத்தை சேலையைக்கூட மாற்றவில்லை. அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு நசுங்கிய அலுமினியக் கிண்ணத்தில் சோறும் பாலும் பிசைந்துகொண்டிருந்தார். அந்தக் கிண்ணத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. விளிம்பு முழுக்கப் பல் பட்ட தடம். வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

வைவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் வாசல்படியில் உட்கார்ந்தேன். அந்தப் படியில் உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

“அத்தை, ஒரு நாளைக்கு எத்தன தடவை குடுப்பீங்க?”

“என்னத்த குடுத்தேன், ஒரு வாய்...”

“நான் வையலை. எனக்குத் தெரியணும். நேத்து சாகக் கெடந்துச்சு.”

கிண்ணத்தைக் கீழே வைக்காமல், பூனைக்கும் கொடுக்காமல், அப்படியே வைத்துக்கொண்டு சொன்னார். “காலையில ஆறு மணிக்கு டீக்குப் பால் காச்சுவேன்ல. வந்து காலைச் சுத்தும். அதுக்கு ஊத்தாம எனக்கு டீ தொண்டையில எறங்காதுத்தா. அப்பறம் மத்தியானம். அப்பறம் விளக்கு வைக்கையில.”

எதிர்வீட்டுப் பெண் தூக்குவாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “நாங்க தயிர்ச்சோறுதான். அதுல என்ன சக்கரை இருக்கு?” என்றார்.

“ஒங்க வீட்டுல தயிர்ச்சோறா? அப்ப வர்க்கிய டீயில முக்கிக் குடுக்குறது யாரு?” என்று அத்தை மடக்கினார்.

“அது கோடி வீட்டுல.”

கோடி வீட்டில் இருந்து குரல் வந்தது. “ஏன், ரஸ்கு குடுக்குறவுகளச் சொல்லலையே!”

சிரித்தார்கள். ஒவ்வொரு வீடாக வெளியே வந்தது. எல்லோரும் கொடுத்திருந்தார்கள், ஒருவருக்கொருவர் தெரிந்தும் இருந்தது. தெரியாதது எனக்கு மட்டும்தான்.

“யாருமே எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா என்ன செய்வ? இன்னொரு பேப்பர் கொண்டாந்து ஒட்டுவ” என்றார் அத்தை. “அதுல என்ன எழுதியிருக்குன்னுகூட யாருக்குத் தெரியும்? ஒங்க ஆத்தாளக் கேட்டேன். பூனைக்கு ஒடம்பு சரியில்லன்னு போட்டுருக்குன்னா. ஒடம்பு சரியில்லாததுக்கு ரெண்டு வாய் சேத்துல்ல குடுப்பாக?”

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா முற்றத்தில் நின்று வாளியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். “நீ ஆபீசுக்குப் போனப்பறம் ஒரு டம்ளர் பாலு” என்றாள். “மெலிஞ்சுக்கிட்டே போச்சேடி.”

அவளுக்குத் தாளை நான் வாசித்துக் காட்டவேயில்லை. முத்து முத்தா இருக்கு என்று அவள் சொன்னதை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருந்தேன்.

அன்று விடுப்பு எடுத்தேன். ஆறு வீட்டிலும் உட்கார்ந்தேன். எழுதிக்கொள்ளவில்லை. ஆறு மணிக்குப் பால் சோறு, எட்டுக்கு வர்க்கி, பத்துக்கு எங்கள் வீட்டுப் பால், மதியம் பால் சோறும் தயிர்ச்சோறும், நாலு மணிக்கு ரஸ்க், விளக்கு வைக்கையில் மறுபடி பால் சோறு. என் ஏழு மணிக் கோழி இதற்கெல்லாம் நடுவில் கடித்துக்கொண்ட ஊறுகாய். அத்தையிடம் இன்னொன்றையும் சொன்னேன்.

“அன்னைக்கு எறும்ப வச்சுச் சொன்னீங்கள்ல. நீங்க சொன்னதுதான் சரி.”

“அது எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார்.

கொடுக்கவே கூடாது என்று நான் இந்த முறை சொல்லவில்லை. என்ன கொடுக்கலாம், எப்போது கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை வாயால் சொன்னேன். வர்க்கி வீடும் ரஸ்க் வீடும் ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது. எதிர்வீடு இன்னும் முணுமுணுக்கிறது. தயிரின் மேல் அவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. பூனை எப்படியும் காலை ஆறு மணிக்கு முன்வீட்டில்தான் முதல் வாய் தின்னும், மாலையும் அங்கேதான். என் ஏழு மணியை அது ஒருநாளும் ஏற்றுக்கொள்ளவில்லை.

மருத்துவரிடம் கேட்டேன். ஊசி நேரத்தை ஆறு மணிக்கு மாற்றலாமா என்று கேட்டேன், போடுகிற இடத்தை முன்வீட்டுக்கு மாற்றலாமா என்றும் கேட்டேன். மாற்றலாம், சாப்பாடும் ஊசியும் சேர்ந்தே இருந்தால் சரி என்றார்.

குழாயடித் தாளை ஈரத்துணியால் ஊறவைத்துக் கிழித்தேன். பசை நல்ல பசை, நாலு மூலையும் சுவரிலேயே இருக்கின்றன. பிறகு எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் இருந்து இன்சுலின் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனேன். அத்தை பிரிட்ஜைத் திறந்து, இட்லி மாவுச் சட்டியை ஓரமாக நகர்த்தினார். அந்த இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பல் பட்ட கிண்ணத்தில் நாளைக் காலைக்கு வேகவைத்த மீன்தலை இருக்கிறது.